பஞ்சாங்கமும் மூன்று மாதப் பள்ளியும்: 1700களின் தொடக்கத்து வேல்ஸ்

நீங்கள் கேட்டது இது: பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஸுக்கு நாடாளுமன்றம் கிடையாது, பல்கலைக்கழகம் கிடையாது, தலைநகரம் என்று ஓர் ஊர் கிடையாது, அரசு அலுவலில் வேல்ஷ் மொழிக்கு இடமும் கிடையாது. அப்படியானால் அங்கே பொதுவாழ்வு என்று சொல்லும்படி ஏதாவது இருந்ததா? அந்த மொழி எப்படிப் பிழைத்தது?

பொதுவாழ்வு நன்றாகவே இருந்தது. ஆனால் பெரிய வீடுகளிலும் பிஷப் மாளிகைகளிலும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதியைப் பஞ்சாங்கம் அச்சடித்தவர்கள், சந்தையில் பாட்டுப் புத்தகம் விற்றவர்கள், அரை வயிற்றுக் கூலிக்கு வேலை பார்த்த கிராமத்துக் குருமார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர் மாறிய ஆசிரியர்கள் என்று இவர்களிடம்தான் தேட வேண்டும். மேலே இருந்தவர்கள் கைவிட்ட வேலையைக் கீழே இருந்தவர்கள் எடுத்துச் செய்த காலம் அது என்பது என் கருத்து.

முதலில் அரசு எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். 1536, 1543 சட்டங்களால் வேல்ஸ் முழுவதும் இங்கிலாந்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்தச் சட்டப்படி நீதிமன்ற மொழி ஆங்கிலம். ஆங்கிலம் தெரியாதவருக்குப் பதவி இல்லை. இங்கிலாந்து எல்லையில் இருந்த லட்லோ நகரிலிருந்து வேல்ஸைக் கவனித்துவந்த ஆட்சிக் குழுவும் 1689இல் கலைக்கப்பட்டது. மிஞ்சியது கிரேட் செஷன்ஸ் என்ற நீதிமன்றம் ஒன்றுதான். மன்மத்ஷயர் தவிர்த்த பன்னிரண்டு மாவட்டங்களை நான்கு வட்டங்களாகப் பிரித்து, வருடத்துக்கு இருமுறை நீதிபதிகள் சுற்றி வருவார்கள். நீதிபதிகளில் பெரும்பாலானவர்களுக்கு வேல்ஷ் தெரியாது. கூண்டில் நிற்பவருக்கோ பெரும்பாலும் அது ஒன்றுதான் தெரியும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். விசாரணை ஆங்கிலத்தில், பதிவேடு 1733 வரை லத்தீனில். ஒரு மாட்டுத் திருட்டு வழக்கு மூன்று மொழிகளைக் கடந்துதான் தீர்ப்புக்கு வரும். இதில் ஒரு விவரம் முக்கியம். அவதூறு வழக்குகளில் மட்டும், சொல்லப்பட்ட வசவை வேல்ஷ் மொழியிலேயே அப்படியே எழுதி வைத்தார்கள். சொன்ன வார்த்தைதான் குற்றம் என்பதால் வேறு வழியில்லை. அக்காலத்துச் சாமானியர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு இன்று நம்மிடம் உள்ள நல்ல சான்றுகளில் அந்தப் பதிவேடுகளும் அடங்கும்.

மக்கள்தொகை சுமார் 4 லட்சம். பெரிய ஊர்கள் என்று சொல்லப்பட்ட ரெக்ஸம், கார்மார்தன் இரண்டிலும் சில ஆயிரம் பேர்தான். லண்டன் நாடாளுமன்றத்துக்கு மன்மத்ஷயரையும் சேர்த்து 27 உறுப்பினர்கள் போனார்கள். அந்த இடங்கள் சில குடும்பங்களின் கையில் இருந்தன: வின்ஸ்டேயின் வின், ட்ரெடீகரின் மார்கன், மார்கமின் மான்செல், ஆங்கில்சியின் பல்க்லி. பல தொகுதிகளில் போட்டியே நடக்காது. நடந்தால் சொத்தே கரையும். இந்தக் குடும்பங்களில் பல டோரி என்ற பழைமைவாதக் கட்சியைச் சேர்ந்தவை. சிலர் அரியணையை இழந்து நாடுகடந்து வாழ்ந்த ஸ்டூவர்ட் அரச வாரிசுக்கு மனதுக்குள் விசுவாசம் வைத்திருந்தவர்கள். 1710இல் ரெக்ஸம் பக்கத்தில் இதற்கென்று 'வெள்ளை ரோஜா வட்டம்' என்ற சங்கம் உருவானது. பிறகு சர் வாட்கின் வில்லியம்ஸ் வின் அதன் பெரிய முகமாக இருந்தார். 1715இல் ரெக்ஸத்தில் கூட்டம் திரண்டு, அரசுத் திருச்சபையைச் சேராதவர்களின் வழிபாட்டு வீடுகளை உடைத்தது. ஆனால் 1745இல் அந்த ஸ்டூவர்ட்களுக்காக ஸ்காட்லாந்திலிருந்து படை உண்மையாகவே இறங்கியபோது வேல்ஸ் பிரபுக்கள் வீட்டைவிட்டு நகரவில்லை. விருந்தில் கோப்பை உயர்த்தியதோடு சரி. இந்த அரசியலுக்கு வரலாற்று நூல்கள் நிறையப் பக்கம் ஒதுக்குகின்றன. பண்பாட்டைப் பொறுத்தவரை அந்த வீடுகளுக்குள் நடந்த வேறொரு மாற்றம்தான் பெரிது.

பழைய வேல்ஸில் கவிஞருக்கு வீடுதான் வாழ்வு. பெரிய மனிதரின் வீட்டில் தங்கி, பிறப்புக்கும் இறப்புக்கும் திருமணத்துக்கும் இலக்கண சுத்தமாகப் பாடி, வம்சாவளியைக் காப்பது அவர் தொழில். பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வழக்கம் முடிந்துபோனது. நன்னாய் வீட்டுக் கவிஞர் ஷான் டாவித் லாஸ் 1695இல் இறந்தார். அப்படி வீட்டோடு இருந்த கடைசிக் கவிஞர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பிரபுக்கள் லண்டனில் படித்தார்கள், ஆங்கிலப் பெண்களை மணந்தார்கள். ஆண் வாரிசு இல்லாமல் போன பல குடும்பங்களின் நிலம் திருமணம் வழியாக வெளியாரிடம் போனது. புதிய எஜமானருக்கு வேல்ஷ் பாட்டு எதற்கு?

திருச்சபையிலும் இதே கதைதான். 1716இல் பேங்கர் மறைமாவட்டத்துக்கு பிஷப்பாக நியமிக்கப்பட்ட பெஞ்சமின் ஹோட்லி, 1721இல் வேறிடம் மாறும்வரை தன் மறைமாவட்டத்தில் கால் வைக்கவே இல்லை. 1727க்குப் பிறகு 1870 வரை வேல்ஷ் பேசும் ஒரு பிஷப்கூட வேல்ஸில் நியமிக்கப்படவில்லை. நூற்றி நாற்பது வருடத்துக்கும் மேல்! கீழ்மட்டத்துக் குருமார்கள் வேல்ஷ் பேசுபவர்கள்தான், ஆனால் கடும் வறுமை. 1721இல் எராஸ்மஸ் சாண்டர்ஸ் என்ற குருவானவர் செயின்ட் டேவிட்ஸ் மறைமாவட்டத்தின் நிலையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கூரை இடிந்த கோயில்கள், பல ஊர்களுக்கு ஒரே குரு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டமாக ஓடி ஓடிப் பூசை முடிக்கும் அவலம் எல்லாம் அதில் வருகிறது. அதே புத்தகத்தில் மக்களின் ஆர்வத்தையும் பதிவு செய்கிறார். வழிபாட்டுக்காக மைல் கணக்கில் நடந்து வருகிறார்கள், கிறிஸ்துமஸ் காலத்தில் தாங்களே கட்டிய பக்திப் பாடல்களைக் கூடிப் பாடுகிறார்கள் என்கிறார். டைவி ஆற்றுப் பள்ளத்தாக்கில் அந்தப் பாடல்களுக்கு 'ஹால்சிங்' என்று பெயர்.

ஆக ஆர்வம் கீழே இருந்தது, ஆதரவு மேலேயிருந்து வரவில்லை. இந்த இடைவெளியில்தான் அச்சு நுழைந்தது.

1695 வரை இங்கிலாந்தில் லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், யார்க் தவிர வேறெங்கும் அச்சகம் வைக்க முடியாது. அந்த வருடம் உரிமச் சட்டம் காலாவதியானது. லண்டனில் இருந்த தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் உடனே மூட்டை கட்டிக்கொண்டு வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரூஸ்பரிக்கு வந்து கடை போட்டார். கோர்வென் பக்கத்துத் தையல்காரர் மகன். 1680 முதலே வருடா வருடம் வேல்ஷ் பஞ்சாங்கம் போட்டுவந்தவர். ஏறக்குறைய இறக்கும்வரை, 1712 வரை, நிறுத்தவில்லை. அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

பஞ்சாங்கத்தில் என்ன இருந்தது? நாள், பிறை, புனிதர் திருநாள்கள், மழை வெயில் பற்றிய ஆரூடம், எந்த ஊரில் எந்தத் தேதியில் மாட்டுச் சந்தை என்ற பட்டியல். வேல்ஸின் பணம் மாடுகளில் இருந்தது. மந்தைகளை லண்டன் பக்கத்துச் சந்தைகள் வரை ஓட்டிச் செல்லும் மாட்டு வியாபாரிகளுக்கு இந்தத் தேதிகள் உயிர்நாடி. ஆக எழுத்து தெரிந்த ஒருவராவது உள்ள வீட்டில் பஞ்சாங்கம் இருக்கும். அதன் மிச்சப் பக்கங்களில் தாமஸ் ஜோன்ஸ் கவிதைகளைப் போட்டார். தன் புத்தகங்களுக்கு விளம்பரம் போட்டார், போட்டியாளர்களைத் திட்டினார், தன் உடம்பில் உள்ள நோய்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி வாசகர்களிடம் புலம்பினார். இன்று படித்தாலும் ஒரு மனிதர் நேரில் பேசுவது போலவே இருக்கிறது. முன்பின் பார்த்திராத ஆயிரக்கணக்கானவர்களோடு ஒருவர் வேல்ஷ் மொழியில் வருடா வருடம் உரையாடிக்கொண்டிருந்தார். பொதுவாழ்வு என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவர் செய்த இன்னொரு காரியம்: ஐஸ்தெத்வோத். கவிஞர்கள் கூடிப் போட்டியாகப் பாடும் இந்தப் பழைய அரங்கம் அரச உத்தரவோடு கடைசியாக நடந்தது 1567இல்தான். அதன்பின் அப்படி நடக்கவில்லை. தாமஸ் ஜோன்ஸின் பஞ்சாங்க அறிவிப்பை ஒட்டி 1701இல் மாக்கின்லெத் ஊரில் கவிஞர்கள் கூடினார்கள். அவருக்குப் பின் ஷ்ரூஸ்பரியிலேயே அச்சுத் தொழில் செய்த ஷான் ரதர்க் அதைத் தொடர்ந்தார். 1728இல் யாப்பிலக்கணத்தையும் சேர்த்து ஒரு வேல்ஷ் இலக்கண நூலும் வெளியிட்டார். இந்தக் கூட்டங்கள் சத்திரங்களில்தான் நடந்தன. வந்தவர்கள் விவசாயி, நெசவாளி, கொத்தனார். பரிசு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, வருகிறவர்களும் கைவிரலில் எண்ணும்படிதான். பல வரலாற்றாசிரியர்கள் இவற்றைப் பரிதாபமாக வர்ணிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக் கவிஞர்கள் போனபிறகு, கடுமையான யாப்பு விதிகளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனவர்கள் இந்தச் சத்திரத்துக் கவிஞர்கள்தான்.

வேல்ஸ் மண்ணில் முதல் நிலையான அச்சகம் 1718இல் வந்தது. நியூகாசில் எம்லின் எதிரே, டைவி ஆற்றின் அக்கரையில் உள்ள அட்பார் என்ற சின்ன ஊரில் ஐசக் கார்ட்டர் என்பவர் வைத்தார். முதலில் அச்சானது என்ன தெரியுமா? புகையிலையைப் பழைய எஜமானாக எண்ணி ஏசும் ஒரு பாட்டு. சந்தையில் காசுக்கு விற்கக்கூடிய சரக்கு. சில வருடத்தில் கார்ட்டர் தொழிலைக் கார்மார்தனுக்கு மாற்றினார். அதற்குள் அங்கே 1721இலேயே இன்னொரு அச்சகம் வந்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும் கார்மார்தன் வேல்ஷ் புத்தகங்களின் ஊராகவே இருந்தது.

புத்தகங்களில் பெரும்பாலானவை பக்தி நூல்கள். இரண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1703இல் எலிஸ் வின் எழுதிய 'தூங்கும் கவிஞனின் தரிசனங்கள்': உலகம், மரணம், நரகம் என்று மூன்று கனவுகள். ஸ்பானியர் கெவேதோவின் நூலை ஆங்கில வடிவத்தின் வழியே அறிந்து, அதன் அமைப்பை எடுத்துக்கொண்டு தன் ஊரான ஹார்லெக் பக்கத்துப் பேச்சு மொழியின் முழுச் சூட்டோடு எழுதினார். வேல்ஷ் உரைநடையின் உச்சங்களில் ஒன்று இது. நரகத்தில் வக்கீல், மருத்துவர், வாடகை பிடுங்கும் நிலக்கிழார் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. இன்னொன்று 1716இல் தியோஃபிலஸ் எவன்ஸ் எழுதிய 'முற்காலங்களின் கண்ணாடி'. எழுதும்போது அவருக்கு இருபத்து மூன்று வயதுதான். ட்ராய் நகரத்துப் புரூட்டஸின் வம்சம், பைபிளில் வரும் நோவாவின் பேரன் கோமரின் மொழி என்று வேல்ஷ் மக்களின் தொன்மையைக் கதைபோல் சொல்லும் நூல். வரலாறாக அது நிற்காது. ஆனால் மறுபடி மறுபடி அச்சேறி வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டது.

கோமர் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அந்தக் காலத்தின் மிகப் பெரிய அறிஞரிடம் போய் நிற்க வேண்டும். எட்வர்ட் லூயிட், 1660இல் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் காப்பாளர். 1696இல் வினாத்தாள் ஒன்றை நாலாயிரம் பிரதி அச்சடித்து, வேல்ஸில் ஒவ்வொரு பங்குக்கும் (ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரத்துக்கும்) மூன்று பிரதி வீதம் அனுப்பினார். உங்கள் ஊரில் பழைய கல் ஏதும் நிற்கிறதா, என்னென்ன ஊர்ப்பெயர்கள், என்ன விளையாட்டு, என்ன வழக்கம், என்ன செடி கொடி, கையெழுத்துப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று கேள்விகள். அதோடு நிற்காமல் 1697 முதல் 1701 வரை வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கார்ன்வால், பிரிட்டனி என்று சுற்றினார். பிரிட்டனியில் ஒற்றன் என்று சந்தேகப்பட்டுச் சிறையில் போட்டார்கள். கார்ன்வாலில் கார்னிஷ் மொழி கடைசி மூச்சில் இருந்தபோது அதைக் காதால் கேட்டு எழுதிவைத்தார்.

1707இல் வந்த அவருடைய 'ஆர்க்கியாலஜியா பிரிட்டானிக்கா' முதல் தொகுதி, வேல்ஷ், கார்னிஷ், பிரெட்டன், ஐரிஷ் ஆகியவை ஒரே குடும்பம் என்பதைச் சொற்களை ஒப்பிட்டு, ஒலி மாற்றங்களை வரிசைப்படுத்திக் காட்டியது. சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் 1786இல் சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றின் உறவைப் பற்றிப் பேசுவதற்கு எழுபத்தொன்பது வருடம் முன்பு. அந்த வில்லியம் ஜோன்ஸின் தந்தையும் ஆங்கில்சியில் பிறந்த வேல்ஸ்காரர்தான்; வட்டத்தின் சுற்றளவு விகிதத்துக்கு 1706இல் முதன்முதலில் பை குறியைப் பயன்படுத்திய கணித ஆசிரியர்.

வருத்தம் என்னவென்றால், லூயிட் சொன்னதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பிரெஞ்சுத் துறவி பெஸ்ரோன் 1703இல் எழுதி, 1706இல் ஆங்கிலத்துக்கு வந்த நூல்தான் பிரபலமானது. கோமர் கதை அதிலிருந்துதான் பரவியது. லூயிட் 1709இல் இறந்தார், அருங்காட்சியகத்திலேயே. அவருடைய கையெழுத்துப் பிரதிகளை ஆக்ஸ்ஃபோர்டு வாங்கவில்லை. அவை ஓர் ஆங்கிலச் செல்வரிடம் போய், பிறகு சிதறி, ஒரு பகுதி தீயில் அழிந்தது. ஒரு பல்கலைக்கழகம் வேல்ஸுக்குள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

வேல்ஸுக்குத் தலைநகரம் இல்லாத குறையை ஓரளவு லண்டன் தீர்த்தது. 1715 மார்ச் 1ஆம் தேதி, புனித டேவிட் திருநாளில், லண்டன் வேல்ஸ்காரர்கள் 'பண்டைய பிரிட்டானியர் சங்கம்' தொடங்கினார்கள். வேல்ஸ் இளவரசி கரோலினுக்கும் அன்றுதான் பிறந்தநாள். அரசருக்கு விசுவாசம், வேல்ஷ் மொழியில் ஒரு பிரசங்கம், பிறகு விருந்து. ஏழை வேல்ஷ் சிறுவர்களுக்கு ஒரு பள்ளியும் 1718இல் நடத்தத் தொடங்கினார்கள். 1722இல் அங்கே வேல்ஷ் பிரசங்கம் செய்தவர் வில்லியம் வோட்டன் என்ற ஆங்கிலேயர்! நடுவயதில் வேல்ஷ் கற்று, இடைக்கால வேல்ஷ் அரசர் ஹவல் தாவின் பழைய சட்டங்களைப் பதிப்பிக்க உழைத்தவர். வேல்ஷ் குருவும் அறிஞருமான மோசஸ் வில்லியம்ஸ் உதவியோடு அது 1730இல், வோட்டன் இறந்தபின், வெளிவந்தது.

இனி பள்ளிகள். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

1699இல் லண்டனில் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் தொடங்கியது. பிக்டன் கோட்டையின் சர் ஜான் ஃபிலிப்ஸ் போன்றவர்களின் ஆதரவில் வேல்ஸில் நூற்றை நெருங்கிய எண்ணிக்கையில் இலவசப் பள்ளிகள் திறந்தன. வடக்கே சில இடங்கள் தவிர, பாடம் ஆங்கிலத்தில். வீட்டில் ஒரு வார்த்தை ஆங்கிலம் கேட்காத பிள்ளைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல். வேலைக்கு ஆள் தேவைப்படும் பருவத்தில் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்கள். 1720களில் பள்ளிகள் தேய்ந்தன. அதே சங்கம் 1718இல் மோசஸ் வில்லியம்ஸ் பொறுப்பில் வேல்ஷ் பைபிளைப் பத்தாயிரம் பிரதி கொண்டுவந்தது. புத்தகம் வேல்ஷில், படிக்கக் கற்பிப்பது ஆங்கிலத்தில்.

இங்கே நமக்கு ஒரு நேரடித் தொடர்பு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு நடத்திய ஊழியத்துக்கு அச்சு எந்திரம் அனுப்பிய சங்கம் இதுதான். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சாகி முடிந்தது. அந்தத் தரங்கம்பாடிக்கு ஊழியராகப் போக ஒரு வேல்ஷ் இளைஞரைச் சங்கம் தேர்ந்தெடுத்தது. அவர் கிரிஃபித் ஜோன்ஸ், கார்மார்தன் மாவட்டத்துக்காரர், சிறு வயதில் ஆடு மேய்த்தவர். போக இருந்தவர் 1713இல் மனம் மாறி, என் மக்களுக்கே தேவை அதிகம் என்று தங்கிவிட்டார். கப்பல் ஏறியிருந்தால் வேல்ஸின் கதையே வேறு.

1716இல் லாந்தௌரர் ஊரில் குருவானார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார், அதற்காக மேலிடத்தில் பொல்லாப்பும் வாங்கினார். தன் பங்கில் ஏழைகளுக்குக் காணிக்கைப் பணத்தில் ரொட்டி வாங்கிக் கொடுப்பார். அவர்கள் வரிசையில் நிற்கும்போது விசுவாசத்தைப் பற்றி ஓரிரண்டு எளிய கேள்வி கேட்பார். கூச்சப்படாமல் பதில் சொல்லப் பழக்குவார். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் ஒன்று அவருக்குப் புரிந்தது: படிக்கத் தெரியாதவருக்குப் பிரசங்கம் நிற்பதில்லை. 1720களின் கடைசியில் காய்ச்சல் பரவிப் பலர் மாண்டதும் அவசரத்தைக் கூட்டியது. 1731இல் வேல்ஷ் பள்ளி நடத்தச் சிறிய பைபிள்கள் வேண்டும் என்று சங்கத்துக்கு எழுதினார்.

அவர் கண்ட முறை எளிது. பள்ளிக்குக் கட்டடம் வேண்டாம். கோயிலோ களஞ்சியமோ போதும். வயல் வேலை குறைந்த குளிர்காலத்தில் மூன்று மாதம். வேல்ஷ் வாசிப்பு மட்டும். எழுதப் பழக்குவது, கணக்கு, ஆங்கிலம் எதுவும் கிடையாது. எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான பொருத்தம் உள்ள மொழி என்பதால் சில வாரத்தில் பைபிளைக் கூட்டிப் படித்துவிடுவார்கள். பகலில் பிள்ளைகள், இரவில் பெரியவர்கள். மூன்று மாதம் முடிந்ததும் ஆசிரியர் அடுத்த ஊருக்குப் போவார். வருடத்துக்கு மூன்று நான்கு பவுண்டு சம்பளம். மூக்குக்கண்ணாடி போட்ட கிழவர்கள் பேரப்பிள்ளைகளின் வயதுக்காரர்களோடு எழுத்துக் கூட்டினார்கள். பார்வை போவதற்குள் படிக்க முடிந்ததே என்று அழுத முதியவர்களைப் பற்றி அவருடைய ஆண்டறிக்கைகளில் வருகிறது.

கிரிஃபித் ஜோன்ஸை மொழிப்பற்றாளராகக் காட்டுவோர் உண்டு. அவருடைய வாதம் வேறு. ஆன்மா மீட்கப்பட வேண்டும்; ஆங்கிலம் கற்பித்து முடிப்பதற்குள் எத்தனை பேர் செத்துப்போவார்கள் என்று கேட்டார். மொழி அவருக்குக் கருவி. ஆனால் அந்தக் கருவியைத்தான் அவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளின் வழியே மக்கள் கையில் கொடுத்துவிட்டார். 1761இல் அவர் இறந்தபோது படித்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்பது அறிக்கைகளின் கணக்கு. இரவு வகுப்புக்கு வந்த பெரியவர்கள் அதில் சேரவில்லை. ஐரோப்பாவில் அன்று இப்படி வாசிக்கத் தெரிந்த விவசாயிகள் மிகச் சில நாடுகளில்தான் இருந்தார்கள்.

இதெல்லாம் 1735இல் தொடங்கிய மெத்தடிஸ்ட் என்ற சமய எழுச்சியின் பலன் என்று சொல்வதும் சரியல்ல. வரிசை மாறிவிடுகிறது. அந்த எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான டேனியல் ரோலண்ட், கிரிஃபித் ஜோன்ஸின் பிரசங்கத்தைக் கேட்டுத்தான் மனம் திரும்பினார்.

பணம் பெரும்பாலும் லாஹார்ன் ஊரின் பிரிட்ஜெட் பெவன் அம்மையாரிடமிருந்தும், அவர் மூலம் இங்கிலாந்துச் செல்வர்களிடமிருந்தும் வந்தது. ஜோன்ஸுக்குப் பின் பள்ளிகளை அவரே நடத்தினார். 1779இல் அவர் இறந்து, பள்ளிகளுக்கென்று எழுதிவைத்த பணத்தின் மேல் உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். சுமார் முப்பது வருடம் அது நீதிமன்றத்தில் முடங்கிக் கிடந்தது. அந்தச் சமயத்தில் பாலா ஊரின் தாமஸ் சார்ல்ஸ் அதே முறையில் சுற்றுப் பள்ளிகளைத் தொடங்கினார். பிறகு அவை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகளாக மாறி நாடு முழுவதும் பரவின.